சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறேன்

என் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சாலைக் கடைத்தெருவில் பாதிப்பேர் எனக்குக் கிட்னி போய்விட்டது என்றுதான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தி, "டயாலிசிஸ் உண்டோ செண்பகம்?" என்று கேட்கிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. கெட்டுப்போனது வேறு. அது கெட்டதையும், என் உயிர் வாசல்வரை போய்த் திரும்பியதையும், அத்தனையும் ஒரே ஒரு வார்த்தையில் தலைகீழானதையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தையல்காரி. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் என் மிஷின் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கிழக்கேக்கோட்டையில் ஒரு ஹோட்டலில் சப்ளையர். இரண்டு பேருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமான கையோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவர்கள், இங்கேயே ஒட்டிக்கொண்டோம்.

எல்லாம் ஓர் ஓணக்காலத்தில் தொடங்கியது. ஓணம் என்றால் தையல்காரிக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. அசதி என்றால் வேலை அசதி என்றே நினைத்தேன். வருகிறவர்கள் எல்லாம், "என்ன செண்பகம், இப்படிக் கறுத்துப் போயிட்டே, வெயில்ல அலையாதே" என்றார்கள். எனக்கோ ஆத்திரமாக வரும். காலையிலிருந்து இருட்டும்வரை டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்கு எங்கே வெயில்? ஆனால் விரல் முட்டிகளின் மடிப்பில் மை தடவியதுபோல் கறுப்பு ஏறியிருந்தது. பல் விளக்கும்போது பார்த்தால் ஈறும் கறுத்திருந்தது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். சேலை இடுப்பில் நிற்காமல் நழுவும் அளவுக்கு மெலிந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. நாக்கு உப்புக்கு அலைந்தது. சும்மா ஆசை இல்லை, வெறி. சாலைக் கடையில் வாங்கிய உப்புமாங்காயை, பரணி என்கிற ஜாடியோடு மிஷினுக்கு அடியில் வைத்திருந்தேன். மாங்காயைக் கடித்துவிட்டு, அந்த உப்புத் தண்ணீரையும் குடிப்பேன். யாரும் பார்க்காதபோது கல்லுப்பை வாயில் போட்டுக்கொண்டு பெடல் மிதிப்பேன். வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னளா இது, மாடு மாதிரி உப்பை நக்குதே?" என்று கேலி செய்தார். "ஆமா, பால் கறக்கப் போறீங்களா?" என்றேன். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு பகலில் கால் பெடலிலிருந்து எழவில்லை. மனசு சொல்கிறது, கால் கேட்கவில்லை. பக்கத்துப் பூக்கடைக்காரர்கள் ஹோட்டலுக்கு ஓடி வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார்கள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதல் வேலை காத்திருப்பதுதான். பெஞ்சில் காத்திருந்தோம், ரத்தம் எடுக்கக் காத்திருந்தோம், ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். கடைசியில் ஓர் இளவயது டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிரஷர் மிகக் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, பொட்டாசியம் கூடுதல் என்றார். "கிட்னி ஒண்ணு நோக்கணும்" என்றார். அவர் நோக்கணும், பார்க்கவேண்டும் என்றுதான் சொன்னார். எங்கள் காதில் போச்சு என்று விழுந்தது. என் வீட்டுக்காரர் எத்தனையோ தட்டுகளை ஒரே கையில் அடுக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர், அந்த ஒற்றைக் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அன்று சலைன் ஏற்றினார்கள். உப்புத் தண்ணீர்தான் அது. ஏறி முடிந்ததும் எனக்கே ஆச்சரியம், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பொட்டாசியமும் கொஞ்சம் இறங்கிற்று. பெரிய டாக்டரம்மா வந்து என் விரல் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். ஏதோ ஒரு ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார். ரிசல்ட் வரச் சில நாள் ஆகும், அதுவரை வார்டில் இருக்கட்டும் என்றார்.

வார்டில் கிடந்தால் கூட ஓர் ஆள் வேண்டும். இங்கே கூட்டிருப்பு என்பார்கள். வீட்டுக்காரருக்கு லீவு கிடையாது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவருடைய அக்காவைக் கூப்பிட்டார். நான் வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

மதினிக்கும் எனக்கும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நான் ஓணத் தையலை முடித்துவிட்டுத் தாமதமாகப் போனேன். பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று பந்தியில் உட்காராமல் கிளம்பினேன். மதினி வாசலில் நின்று, ஊரே கேட்க, "ஏளா, நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியா?" என்றாள். ரோஷமும் மானமும் இருக்கிறதா என்று கேட்பதற்கு நம்மிடம் இதைவிடக் கூரான வார்த்தை கிடையாது. அன்றைக்கு அறுந்தது எங்கள் பேச்சு.

அப்படிப்பட்ட மதினி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. வார்டு வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்து, "எனக்கு ரெண்டு கிட்னி இருக்குல்லா. ஒண்ண எடுத்து இவளுக்கு வைக்கச் சொல்லு" என்றாள். ஏதோ கூடுதலாக இருக்கிற குடத்தைக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். கிட்னியைக் கொடுக்க வந்தவள் ஒரு வார்த்தை என்னோடு பேசக்கூடாதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அவள் வந்த அன்று காலை, ரவுண்ட்ஸ் முடிந்ததும் நர்ஸ் சிஸ்டர் என் கட்டிலுக்கு வந்து மதினியிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மதினி "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டியது மட்டும் காதில் விழுந்தது.

மத்தியானம் கஞ்சி வந்தது. வாயில் வைத்தேன். உப்பே இல்லை.

"மதினி, உப்பு," என்றேன். வருஷக்கணக்குக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"உனக்கு உப்பு ஆகாதாம். நர்சம்மா சொல்லியாச்சு. பேசாம குடி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாக்கு உப்பு உப்பு என்று பறக்கிறது. வீட்டுக்காரர் ஹோட்டலிலிருந்து சாயங்காலம் கொண்டுவந்த ஊறுகாயை மதினி தண்ணீரில் அலசி எடுத்துத் தந்தாள். ஊறுகாயை அலசித் தின்ற கொடுமை உலகத்தில் யாருக்காவது நடந்திருக்கிறதா, தெரியாது. அன்றைக்கு உப்புப் போட்டுத் திங்கியா என்று கேட்டவள், இன்றைக்கு உப்பே இல்லாமல் பண்ணிவிட்டாளே, பழி வாங்குகிறாள் என்று மனசுக்குள் பொருமினேன்.

ஆனால் பழி வாங்குகிறவள் செய்கிற காரியமா மற்றதெல்லாம்? தலையில் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். கால் மரத்துப்போகிறது என்றால் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தாள். வேளைக்கு வேளை ரோட்டைத் தாண்டிப் போய், தட்டித் தட்டிப் பார்த்து, வழுக்கையாக இளநீர் வெட்டி வாங்கி வந்தாள். "எளநி குடிளா, உடம்புச் சூடு எறங்கும், தெம்பு வரும்" என்று ஸ்டிராவை வாயில் வைத்துவிட்டாள். வீட்டுக்காரரும், "எளநி நல்லதுதான்" என்றார். நான் குடித்தேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

குடிக்கக் குடிக்கத் தெம்பு வருவதற்குப் பதில் போய்க்கொண்டிருந்தது. மதினிக்குக் கவலை ஏறிற்று. இன்னும் ஓர் இளநீர் கூட்டினாள்.

ஒரு மத்தியானம், இளநீரைப் பாதி குடித்திருப்பேன். கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் ஆகிவிட்டன. கையைத் தூக்கப் பார்த்தேன், விரல்தான் அசைந்தது. நெஞ்சுக்குள் துடிப்பு ஒன்று விட்டு ஒன்று விழுந்தது. அடுத்தது வருமா என்று காத்திருக்கவேண்டியிருந்தது. சாவு வந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஈ.சி.ஜி. மிஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காகிதத்தில் கோடுகள் கூடாரம்போல் கூர்மையாக எழும்பி நின்றன. பொட்டாசியம் மிகவும் கூடினால் அப்படித்தான் வருமாம். டாக்டரம்மா ஓடிவந்தார், ஆம், ஓடித்தான் வந்தார். கால்சியம் ஊசியை மெல்ல மெல்ல நரம்பில் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவிற்று. கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயம் நின்றுவிடாமல் கொஞ்ச நேரம் காவல் நிற்கும், அவ்வளவுதான். அடுத்து குளுக்கோஸோடு இன்சுலின். "எனக்குச் சுகர் இல்லையே" என்று முனகினேன். "சுகருக்கல்ல. ரத்தத்திலெ பொட்டாசியத்தெ செல்லுகளுக்கு உள்ளே தள்ளான்" என்றார் டாக்டரம்மா, தள்ளுவதற்காம். கூடவே சலைன் வேகமாக ஓடியது. ஹார்மோன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்.

நெஞ்சுத் துடிப்பு ஒழுங்குக்கு வந்தபிறகுதான் அவர் நிமிர்ந்தார். கட்டிலருகே ஸ்டூலில் பாதி குடித்த இளநீர், ஸ்டிராவோடு நின்றது. அதையே பார்த்தார்.

"இதாரா தந்நது?"

"நாந்தாம்மா" என்றாள் மதினி. பாவம், பெருமையாகச் சொன்னாள்.

"கரிக்கு கொடுக்கருதென்னு பறஞ்ஞதல்லே?"

"ஆமாம்மா, கறிக்குக் குடுக்கலையே. கறிக்கும் போடல, கஞ்சிக்கும் போடல. ஒரு கல்லு உப்பு நான் காட்டல."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் செய்தி கேட்டு ஹோட்டல் சட்டையோடேயே ஓடிவந்த என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். இரண்டு பாஷையும் அறிந்து, அங்கே பேசத் தெம்பும் இருந்தவர் அவர் ஒருவர்தான். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, இந்த ஊர்ல கரிக்குன்னா எளநி. எளநி குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

நர்ஸ் அன்று சொன்னது இதுதான்: "கரிக்கு கொடுக்கருது. உப்பு கொறைக்கண்டா." இளநீர் கொடுக்கக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டாம். சங்கரன்கோவில் காதில் அது, கறிக்கு உப்புக் கொடுக்கக்கூடாது, குறைக்கணும் என்று விழுந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு கட்டளை, இரண்டும் தலைகீழ். கொடுக்கக்கூடாததை நான்கு வேளை கொடுத்து, கொடுக்கவேண்டியதை ஒரு கல்கூட விடாமல் மறைத்துவிட்டாள் மதினி.

"படிக்காட்டா கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான? கொன்னுருப்பியே யக்கா" என்று வீட்டுக்காரர் கத்தினார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

டாக்டரம்மா அவரை அடக்கினார். எனக்கு என்ன ஆச்சரியம் என்றால், டாக்டரம்மா முகத்தில் கோபமே இல்லை. கண் பளபளவென்று இருந்தது, புதிர் அவிழ்ந்த குழந்தைபோல. ஸ்டூலில் இருந்த இளநீரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்து, மலையாளமும் தமிழும் கலந்து என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். வீட்டில் இருந்தபோது உப்பு நிறையத் தின்பாயா? நான் உப்புமாங்காய்ப் பரணியைப் பற்றிச் சொன்னேன். மாங்காய்த் தண்ணீரைக் குடித்ததையும், கல்லுப்பை நக்கியதையும் வெட்கத்தோடு சொன்னேன்.

"ஆ மாங்கயாணு நின்னெ இத்ர மாசம் ஜீவிப்பிச்சது" என்றார். அந்த மாங்காய்தான் உன்னை இத்தனை மாதம் உயிரோடு வைத்திருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இளநீரிலும் பழத்திலும் கீரையிலும் பொட்டாசியம் உண்டு. உடம்புக்கு வேண்டியதுதான், ஆனால் ரத்தத்தில் அளவு மிஞ்சினால் தசை தளரும், இதயம் தடுமாறும். மிஞ்சியதை வெளியே அனுப்புவது சிறுநீரகம். அதற்கு உத்தரவு போடுவது ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன். சோடியத்தை, அதாவது நம் சோற்று உப்பை, உள்ளே எடுத்துக்கொள், பொட்டாசியத்தை வெளியே விடு என்பது அதன் உத்தரவு. அதைச் சுரப்பது சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் என்ற சுரப்பி. எனக்குக் கெட்டுப்போனது அந்தத் தொப்பி. தோல் கறுத்ததும் மெலிந்ததும்கூட அதனால்தான்.

"அப்போ கிட்னி?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கிட்னிக்கு ஒரு கொழப்பவும் இல்ல" என்றார் டாக்டரம்மா. அந்த வார்த்தையைக் கேட்டதும் படுத்தபடியே எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல் இருந்தது.

இதில் என்னைச் சொக்கவைத்த விஷயம் அடுத்ததுதான். உத்தரவு வராவிட்டாலும் சிறுநீரகம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லையாம். உப்பும் தண்ணீரும் அதன் கடைசிக் குழாய்கள்வரை தாராளமாக வந்துகொண்டிருந்தால், ஹார்மோன் குறைவாக இருந்தாலும் அந்த ஓட்டத்திலேயே கொஞ்சம் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். கிழக்கேக்கோட்டை பஸ்ஸைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கண்டக்டர் இறங்கு என்று சொல்லாவிட்டாலும், பின்வாசலில் ஆள் ஏறி நெருக்கினால் முன்வாசலில் நிற்கிறவன் இறங்கித்தான் ஆகவேண்டும். எனக்குக் கண்டக்டர் இல்லை. பின்வாசலில் ஏறிக்கொண்டிருந்த கூட்டம் உப்புமாங்காய். மதினி அந்த வாசலைச் சாத்தினாள், முன்பக்கம் இளநீரால் நிரப்பினாள், பஸ் பிதுங்கிவிட்டது.

நான் வெறி என்றும் கேவலம் என்றும் நினைத்து ஒளித்துத் தின்ற உப்பு, என் சிறுநீரகம் கேட்டு வாங்கிய மருந்து. யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரியவில்லை, டாக்டருக்கு முதலில் தெரியவில்லை, என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

ஹார்மோன் ரிசல்ட்டும் அவர் சொன்னபடியே குறைவு என்று வந்தது. இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்று அந்தக் கண்டக்டர் வேலையைச் செய்கிற சின்ன மாத்திரை. ஆயுளுக்கும் நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வாந்தி வந்தால் உடனே வரவேண்டும், இளநீர் கூடாது, நேந்திரம்பழம் அளவோடு, உப்பைக் குறைக்கவே கூடாது. இந்தத் தடவை நர்ஸ் அதை மலையாளத்தில் சொல்லவில்லை. இளநீர்ப் படம் வரைந்து குறுக்கே கோடு போட்டுக் காட்டினாள். மருந்துச் சீட்டைவிட அந்தப் படத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மதினி அன்றிலிருந்து என் கட்டிலருகே வரவில்லை. வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி மூலமாக டாக்டரிடம், "அப்ப என் கிட்னி வேண்டாமாமா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். கொடுக்க இருந்ததும் போயிற்றே என்று நினைத்தாள்போல. துணிப்பையைக் கட்டிவைத்திருந்தாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போகிறேன் என்றாளாம்.

அவள் போய்விட்டால் அவ்வளவுதான். இந்த அவமானத்தோடு போனவள் செத்தாலும் என் வாசல் மிதிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மாத்திரையும் சலைனும் என்னைப் பிழைக்க வைத்துவிட்டன, ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தி என்னைக் காப்பாற்றியவள் அவள் அல்லவா? அந்தச் சத்தம் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் ஈ.சி.ஜி. எடுக்க ஆள் இருந்திருக்காது.

மத்தியானக் கஞ்சி வந்தது. உப்பு தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வந்தது. நான் தொடவில்லை. "மதினி ஊட்டினால்தான் குடிப்பேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் போய் அவளை இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார்.

கட்டிலருகே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"உப்பு அந்தா இருக்கு. நீயே போட்டுக்கோ. என் கையால வேண்டாம்ளா."

"உங்க கையாலதான் போடணும்," என்றேன். "அன்னைக்கு வாசல்ல நின்னு கேட்டீங்கள்ளா, நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியான்னு? இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. போடுங்க, திங்கேன்."

மதினி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அத இன்னுமா வயித்துல வச்சிருக்க, பாவி" என்றாள். காகிதத்தைப் பிரித்து, அளவு பார்க்காமல் அள்ளிப் போட்டுக் கலக்கி, முதல் கரண்டியை என் வாயில் வைத்தாள். அப்பா, அந்த உப்பு. நாக்கிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கவலையோடு குனிந்து கேட்டாள்.

"ஏளா, ரொம்பக் கரிக்குதா?"

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அடுத்த கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ், "எந்து, கரிக்கோ?" என்று பதறித் திரும்பினாள். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. மதினி அழுதுகொண்டே சிரித்தாள், நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

"கரிக்கட்டும் மதினி," என்றேன். "இன்னும் ரெண்டு கல்லு போடுங்க."